சமையலறைச் சொல்

சுலாய் கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கூடை நிறைய. வேரை அரிந்து, மண் போகக் கழுவி, துணியில் உதறி, கட்டையில் குவித்து, கத்தியின் இரு முனைகளையும் பிடித்து அழுத்தி அழுத்தி, பச்சைத் தூளாகும் வரை. மறுநாள் வெள்ளிக்கிழமை. கொத்தமல்லியும் ஈரலும் அரிசியும் கலந்து துணிப்பையில் கட்டி வேகவைக்கும் பச்சைச் சோறு இல்லாமல், சமர்கந்தின் யூதர் குடியிருப்பான மகல்லாவில் எந்த வீட்டிலும் வெள்ளி அந்தியில் ஓய்வுநாள் பிறப்பதில்லை.

அவளைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். ஒருத்தி அரிசியில் கல் பொறுக்கினாள், ஒருத்தி வெங்காயம் உரித்தாள், ஒருத்தி ஈரலின் சவ்வைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்குக் கை வேலை. வாய் பாட்டுக்கு ஹீப்ரு. பழைய ஜெபப் புத்தகம் ஒன்று மாவு டப்பாவின் மேல் சாய்ந்து நின்றது. எல்லாரும் கழுத்தை நீட்டி அதை வலமிருந்து இடமாக வாசித்தார்கள்.

"நில்லு, நில்லு," என்றாள் சுலாய், கத்தியை நிறுத்தாமல். "அந்த எழுத்து தொண்டையில இருந்து வரணும், தொவோ. நீ பல்லுல வச்சுக் கடிக்கிறே. அது என்ன, சூரியகாந்தி விதையா?"

தொவோ தையல்காரி. வரும் கோடையில் இஸ்ரேலுக்குக் கிளம்புகிறவள். அந்த வருஷம் பாதி மகல்லா கிளம்பிக்கொண்டிருந்தது. கதவுக்குக் கதவு பெட்டி அடிக்கும் சத்தம்தான்.

"அக்கா, இதெல்லாம் சரி," என்றாள் தொவோ. "அங்க சந்தையில தக்காளி என்ன விலைன்னு எப்படிக் கேக்கணும்? அதைச் சொல்லிக் குடுங்க. படைச்சவன்கிட்ட நான் நம்ம பாஷையிலயே பேசிக்குவேன், அவனுக்குப் புரியும். தக்காளிக்காரனுக்குத்தான் புரியாது."

"முதல்ல படைச்சவன். தக்காளி கடைசியில."

"கடைசியில கடைசியிலன்னு போன வாரமும் வெறும் வெங்காயத்தோட அனுப்பிட்டீங்க."

பெண்கள் சிரித்தார்கள். பஹ்மல் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அரிசித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள். சிரிப்பை விட்டு அவளுக்கு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் வியாழன் தவறாமல் வருவாள்.

ஜெபக்கூடத்து ஆண்கள் இந்த வகுப்புக்கு வைத்த பெயர் வெங்காயப் பள்ளி. 'அங்க படிச்சுட்டு வர்ற பொம்பளைங்க எல்லாம் அழுதுகிட்டே ஜெபம் பண்றாங்க. பக்தியா வெங்காயமான்னு தெரியல' என்பார்கள். சுலாய்க்கு அதில் வருத்தமில்லை. வெங்காயம்தான் அவளைக் காப்பாற்றியது. சோவியத் ஆட்சியில், ஹீப்ரு சொல்லிக்கொடுத்தால் வேலை போகும், சில சமயம் ஆளே போவார் என்றிருந்த காலத்தில் அவள் அரசாங்க மழலையர் பள்ளியில் சமையல்காரி. வீட்டில் இத்தனை பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பதை எட்டிப்பார்க்க யாராவது வந்தால், புத்தகம் அரிசித் தட்டுக்கு அடியில் போய்விடும். மேலே கத்திகளும் காய்களும் மட்டும் இருக்கும். "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்பார்கள். "எங்க ஒண்ணுவிட்ட தங்கச்சிக்கு." ஒருமுறை தெருக் கமிட்டிக்காரர் ஒருவர், "உன் தங்கச்சிங்க எத்தனை பேர்தான் இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு கிண்ணம் தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

அவளுக்கு எழுத்து வந்ததும் சமையலறையில்தான். உலகப் போர்க் காலத்தில் போலந்திலிருந்து தப்பி வந்த ஃப்ரீதா என்பவள் அவர்கள் வீட்டு அடுப்படியில் ஒண்டிக்கொண்டு இருந்தாள். தங்குவதற்கும் சூப்புக்கும் ஈடாக அவளால் கொடுக்க முடிந்தது ஹீப்ரு ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ள வீட்டில் கை ஒழிந்து இருந்தவள் சிறுமி சுலாய். கேரட் சீவியபடியே இருவரும் வாசித்தார்கள். சுலாயின் உச்சரிப்பில் போலந்து வாடை ஏறிவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார்கள் அவளை 'பானி சுலாய்' என்று போலந்துச் சீமாட்டிபோல் அழைத்துக் கேலி செய்தார்கள். அந்த வாடையைக் கழுவ அவளுக்குச் சில வருஷங்கள் பிடித்தன. ஆனால் ஃப்ரீதாவிடமிருந்து வந்த ஒரு வழக்கத்தை அவள் விடவே இல்லை.

ஜெபத்தில் படைத்தவனின் பெயர் வரும் இடம் உண்டு. அதை ஜெபத்தில் மட்டும்தான் உச்சரிக்கலாம், சும்மா சொல்லக்கூடாது. கையில் ஈரல் ரத்தமும் வாயில் வெங்காய மணமுமாக, தப்பும் தவறுமாகப் படிக்கும்போது நிச்சயமாகக் கூடாது. ஆகவே பாடத்தில் அந்த இடம் வந்தால் 'ஹஷேம்' என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயர் என்று மட்டும் அதற்கு அர்த்தம். சுலாய் அதைச் சமையலறைச் சொல் என்பாள். ஒரு ஜெபம் முழுதாக மனப்பாடம் ஆனதும், படித்தவள் கையைக் கழுவி, இடுப்பில் கட்டிய சமையல் துணியை அவிழ்த்து வைத்து, சுலாயோடு முன்னறைக்குப் போக வேண்டும். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, உண்மையான சொல் எது, எந்த இடத்தில் எப்படி வரும் என்று சுலாய் ஒரே ஒரு முறை சொல்லிக்காட்டுவாள். பிறகு அந்த ஜெபம் அவளுடையது. பெண்களுக்கு அந்த முன்னறைப் பாடம் பட்டம் வாங்குகிற மாதிரி. சிலர் அன்றைக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வருவார்கள்.

கொத்தமல்லி பாதி முடிந்திருந்தபோது வாசலில் சிவ்யோவின் குரல் கேட்டது. பட்டு ஆலையில் வேலை பார்த்தவள், உரக்கப் பேசிப் பழக்கம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே வளர்ந்த குரல்.

"அக்கா! கத்தியைக் கீழ வைங்க, ஒரு விஷயம்! அடுத்த மாசம் நாங்க கிளம்பறோம், டிக்கெட் வந்துடுச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை சாப்பாடு எங்க வீட்டுல. சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்க. நீங்க வரலைன்னா நான் விளக்கே ஏத்த மாட்டேன்."

"என் பச்சைச் சோத்தை யார் தின்பா?"

"தூக்கிட்டு வாங்க. உங்க வீட்டுக்காரர் ஹிஸ்கியோ அண்ணனையும் தூக்கிட்டு வாங்க." சிவ்யோ மற்றப் பெண்களின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கெல்லாம் சொல்றேன், கேட்டுக்கங்க. இவங்க சொல்லிக் குடுத்த வார்த்தைதான் என் அம்னுனைத் திருப்பிக் கொண்டாந்தது. தொவோவோட தக்காளி வாசல் வரைக்கும் கேட்டுது, அதெல்லாம் அப்புறம்."

பஹ்மல் அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள். தலை நிமிரவில்லை. சிவ்யோ அவள் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். குரல் சட்டென்று இறங்கியது. "நீயும் வரணும் பஹ்மல்," என்று முணுமுணுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

சிவ்யோவின் மகனும் பஹ்மலின் மகனும் ஒரே குளிர்காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள். இருவரையும் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். சிவ்யோ அப்போதுதான் முதன்முதலாகச் சுலாயைத் தேடி வந்தாள். அவள் வளர்ந்தது பக்கத்து ஊரான கத்தாகுர்கானில். அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், வீட்டில் மதப் பேச்சே கூடாது. அம்மா வெள்ளிக்கிழமை அந்தியில் அலமாரிக்குள் திரியைக் கொளுத்தி வைப்பாள், உதட்டைத் திறக்க மாட்டாள். சிவ்யோ ஜெபக்கூடத்துக்குப் போனதே இல்லை. "எனக்கு எழுத்து வேண்டாம் அக்கா, பாஷை வேண்டாம். விளக்கு ஜெபம் ஒண்ணு மட்டும் போதும், சீக்கிரம்," என்றாள் வந்த அன்றே. வகுப்பு பாதி ஓடியிருந்தது. அவள் கதவோரம் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு சீவியபடியே, மற்றவர்கள் சொல்லச் சொல்லக் காதால் பிடித்தாள். ஆலையில் வேலை நேரம் மாறியதும் வருவதை நிறுத்திவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் மழலையர் பள்ளியில் அம்மை பரவி, சுலாய் அங்கேயே கிடந்தாள்.

அம்னுன் திரும்பி வந்தான், முழுசாக. காதில் மட்டும் ஒரு இரைச்சல் என்பான். பஹ்மலின் மகன் துத்தநாகச் சவப்பெட்டியில் வந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை சிவ்யோவின் வீட்டில் நிற்க இடமில்லை. பாதிச் சாமான் கட்டிய மூட்டையாகிவிட்டது, மீதி மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூண்டும் கொத்தமல்லியும் அரைத்து ஊற்றிய பொரித்த மீன் மேஜையில் தயாராக இருந்தது. பஹ்மல் வரவில்லை. சிவ்யோ சுலாயின் கையைப் பிடித்து இழுத்து, ஜன்னலோர விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். மறுபக்கம் மருமகள் புலோர், வயிறு ஐந்து மாசம்.

"முதல்ல புலோர். வாத்தியாரம்மா முன்னாடி சொல்லட்டும். நான் சொல்லச் சொல்லச் சொல்லு, தங்கம். பயப்படாதே, தப்புன்னா அடிக்க மாட்டாங்க."

"அடிப்பேன்," என்றாள் சுலாய். எல்லாரும் சிரித்தார்கள்.

சிவ்யோ ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், புலோர் பின்னாலேயே சொன்னாள். பெயர் வரும் இடத்தில் ஹஷேம் என்றாள் சிவ்யோ. ஹஷேம் என்றாள் புலோர். சுலாய் தலையசைத்தாள். பாடம்தானே, அப்படித்தான் சொல்ல வேண்டும், நன்றாக நினைவு வைத்திருக்கிறாள் என்றுகூடத் தோன்றியது.

பிறகு சிவ்யோ தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். அறை அடங்கியது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அம்னுன்கூட நிமிர்ந்தான். தறிச் சத்தத்தை மீறும் அந்தக் குரல் எங்கோ போய், வேறொரு மெல்லிய குரல் வந்தது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை, ஒரு சொல்லும் ஓடவில்லை. தன்னிடம் படித்தவர்களில் இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை என்று சுலாய் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் வந்தது.

ஹஷேம் என்றாள் சிவ்யோ.

கன்னத்தில் கண்ணீர் இறங்க, அதே சொல்லோடு ஜெபத்தை முடித்து, குச்சியை உரசித் திரிகளைக் கொளுத்தினாள். அறை முழுக்க ஆமென் எழுந்தது. குழந்தைகள் கத்தினார்கள், கிழவர்கள் முனகினார்கள். சுலாயின் நாக்கு மட்டும் அசையவில்லை. பெயர் இல்லாத ஜெபத்துக்கு ஆமென் கிடையாது. இதையும் ஃப்ரீதாதான் சொல்லிக்கொடுத்தாள். யோசித்து அடக்கியதல்ல, நாக்கு தானாகவே நின்றுவிட்டது.

விருந்தில் யார் என்ன பேசினார்கள் என்று சுலாய்க்கு நினைவில்லை. முள் எடுக்காமல் மீனைத் தின்று தொண்டையில் மாட்டிக்கொண்டாள். சிவ்யோ ரொட்டித் துண்டை ஊட்டி முதுகைத் தட்டினாள்.

சனிக்கிழமை மதியம் தூங்கி எழுந்ததும் முற்றத்துத் திராட்சைக் கொடியின் கீழே கணவரிடம் சொன்னாள். ஹிஸ்கியோ நாவிதர். ஊரில் பாதித் தலைகள் அவர் கைபட்டவை. சூரியகாந்தி விதை கொறித்தபடி கேட்டார்.

"அவளுக்கு நீ சொல்லவே இல்லையா?"

"அதுதான் தெரியல. புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவேன். இவ நடுவுல வந்தா. முன்னறைக்குக் கூட்டிட்டுப் போகல, அது மட்டும் நிச்சயம்."

"சரி, இப்ப என்னங்கிறே?"

"அவகிட்டச் சொல்லணும்."

"எதுக்கு? ஒருத்தன் என்கிட்ட முடி வெட்டிட்டுப் போறான். பின்னால ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கு. அவனுக்குத் தெரியாது, பொண்டாட்டியோட சந்தோஷமாப் போறான். நான் தெருவுல பின்னாடியே ஓடிப் போய்க் கண்ணாடியைக் காட்டணுமா?"

"முடி வளர்ந்துடும். இது வளராது. நேத்து புலோருக்குக் குடுத்துட்டா. அவ வயித்துல இருக்கிறது பொண்ணா இருந்தா அதுக்கும் போகும். அங்க போயி யாரோ ஒருத்தி கேட்டுட்டுச் சிரிப்பா. அந்தச் சிரிப்பு இவ காதுல விழறதுக்கு முன்னாடி நான் சொல்றது மேல் இல்லையா?"

"விளக்கு ஏத்தினாளா, இல்லையா?"

"ஏத்தினா. ஏத்தினது ஏத்தினதுதான், அதுல குறையில்ல. ஜெபம்தான்..."

"பின்ன என்ன? புள்ள வந்துட்டான். பதில் வந்த கடுதாசிக்குப் போயி விலாசம் தப்புன்னு சொல்லப் போறியா?"

சுலாய் மேஜையில் சிந்திய விதைத் தோலை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

"பஹ்மல் விலாசம் சரியாத்தான் எழுதினா," என்றாள். "என் முன்னாலதான் சொன்னா. முன்னறையில. ஒரு எழுத்துப் பிசகல."

ஹிஸ்கியோ விதை கொறிப்பதை நிறுத்தினார். பெட்டி வந்த அன்று அந்தப் பையனின் அப்பா ஆளனுப்பிக் கூப்பிட, சவரம் செய்யப் போனவர் அவர். துக்கத்தில் சவரம் கூடாது என்று அவரே சொல்லித் திரும்பி வந்தார். அந்த மனிதனுக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை, சவரத்துக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தான்.

"அதனாலதான் சொல்றேன், வேண்டாம்," என்றார் கடைசியில். "நீ இதைத் தொட்டா அதையும் தொடணும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க வச்சிடுவே."

அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் முப்பது வருஷமாக அவள் செய்துவந்த வேலை ஒன்றுதான்: தப்பாகச் சொன்னால் நிறுத்தி, சரியாகச் சொல்ல வைப்பது. தக்காளி விலை தப்பாகக் கேட்டால் தக்காளிக்காரன் இன்னொரு முறை கேட்பான். ஜெபத்தில் அப்படி யார் திருப்பிக் கேட்கிறார்கள்? சொல்லிக்கொடுத்தவள்தான் கேட்க வேண்டும். அதற்குத்தானே அவள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனாள். அம்னுன் முற்றத்தில் மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அவன் அடிப்பதை நிறுத்திவிட்டு, "அம்மா உள்ளதான் இருக்காங்க," என்று தேவைக்கு மேல் உரக்கச் சொன்னான். காது இரைச்சல்.

சிவ்யோ உள்ளறையில் மெத்தைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சு மெத்தைகள், சீதனமாக வந்தவை. சுலாயைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. தொண்டை எப்படி இருக்கு?"

"இருக்கு."

"அன்னைக்கு நீங்க ஆமென் சொல்லல," என்றாள் சிவ்யோ, மெத்தையின் ஓரத்தை நீவியபடி. "நான் கண்ணைத் திறந்ததும் முதல்ல உங்களைத்தான் பார்த்தேன். வாய் மூடியிருந்துது. ரெண்டு நாளா யோசிக்கிறேன். ஹிஸ்கியோ அண்ணனை நேர்ல வந்து கூப்பிடலைன்னு கோவமோ? இல்ல, பஹ்மல் முன்னாடி என் மகனைப் பத்திப் பேசினேனே, அதுக்கா? அதுக்குன்னா ஒத்துக்கிறேன். என் வாய் அப்படி. தறியில அடிச்சு வளர்ந்த வாய்."

"அதுக்கில்ல."

சுலாய் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் அடுக்கு சரிந்துவிட்டது. நேராகச் சொன்னாள். சமையலறைச் சொல் எது, ஏன், முன்னறையில் என்ன நடக்கும், சிவ்யோவுக்கு ஏன் அது நடக்கவில்லை. தப்பு தன்னுடையது என்றாள். விளக்கு ஏற்றியதில் குறை இல்லை, இனிமேல் சரியாகச் சொன்னால் போதும் என்றாள். இதை இரண்டு தடவை சொன்னாள்.

சிவ்யோ மடியில் மெத்தையை வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள்.

"அப்போ அத்தனை வெள்ளிக்கிழமையும் நான் யாரைக் கூப்பிட்டேன்? 'ஏய், பேரு'ன்னு கூப்பிட்டேனா? தெருவுல போறவரை 'இந்தாங்க, உங்களைத்தான்'னு கூப்பிடற மாதிரி?"

"கேக்கறவருக்குத் தெரியும் யாரைன்னு."

"தெரியும்னா நீங்க எதுக்கு வந்தீங்க?"

வெளியே சுத்தியல் ஒரு சீராக விழுந்துகொண்டிருந்தது.

"நிஜமாக் கேக்கறேன் அக்கா. கோவமில்ல. எனக்காக வந்தீங்களா, உங்களுக்காக வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்," என்றாள் சுலாய். கொஞ்சம் பொறுத்து, "என்கிட்டப் படிச்சவ தப்பாச் சொல்றதை என்னால சும்மா கேட்டுட்டு இருக்க முடியல. அது என் குறைன்னா குறைதான்."

சிவ்யோ தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது போலத்தான் இருந்தது. இன்னொரு மெத்தையை இழுத்து மடித்தாள். பாதி மடிப்பில் கை நின்றது.

"பஹ்மல் முன்னறைக்குப் போனாளா?"

சுலாய் அவளையே பார்த்தாள். பொய் சொல்லலாம். ஹிஸ்கியோவாக இருந்தால் சொல்லியிருப்பார்.

"போனா."

"அவ சரியாச் சொன்னா."

"சரியாச் சொன்னா."

சிவ்யோ ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அம்னுனின் முதுகு தெரிந்தது, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்துக்கொண்டிருந்தான்.

"அது கணக்கில்ல, சிவ்யோ," என்றாள் சுலாய். "சரியாச் சொன்னா இது, தப்பாச் சொன்னா அதுன்னு இல்ல. அப்படிக் கணக்குப் போட்டா நான் பஹ்மல் முகத்துல முழிக்க முடியாது. அவ இன்னும் வர்றா. ஏன் வர்றான்னு நான் கேட்டதில்ல. கேக்கத் தைரியம் இல்ல."

"உங்களுக்குக் கணக்கில்ல," என்றாள் சிவ்யோ. "நீங்க படிச்சவங்க. எனக்குக் கணக்குத்தான். நான் ஒரு வார்த்தை சொன்னேன், என் புள்ள வந்தான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். வேற எதுவும் எனக்குத் தெரியாது, எங்கப்பன் தெரிஞ்சுக்க விடல."

"தெரியும். அதனாலதான் இப்ப..."

"இருங்க. அங்க போனா இவனுக்கு மறுபடி பட்டாளம் உண்டு. தெரியுமா உங்களுக்கு? பேப்பர்ல கையெழுத்து வாங்கும்போதே சொல்லிட்டாங்க. வயசு இருக்கு, உடம்பு இருக்கு, காதைப் பத்திக் கேப்பாங்களாம், பார்ப்பாங்களாம். புலோர்கிட்ட இன்னும் சொல்லல." சிவ்யோவின் குரல் மறுபடி ஆலைக் குரலாக ஏறி, தானே அதைக் கவனித்து இறங்கியது. "மறுபடி துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போவான். நான் மறுபடி வெள்ளிக்கிழமை ஜன்னல்கிட்ட நிக்கணும். அப்ப எந்த வார்த்தையைச் சொல்லச் சொல்றீங்க? அவனைக் கொண்டாந்த வார்த்தையையா? பஹ்மலோட வார்த்தையையா?"

சுலாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. பஹ்மலோட வார்த்தையா? அது யாருடைய வார்த்தையும் அல்ல, படைத்தவனின் பெயர். அதைப் போய் ராசியில்லாத சட்டை மாதிரிப் பேசுகிறாளே. வாய்வரை வந்தது. ஆனால் ஜன்னலில் தெரிந்த முதுகைப் பார்த்தாள். தனக்குப் பிறந்த இரண்டும் பெண்கள் என்பதும், ஒரு நாளும் ஒரு பிள்ளையையும் ரயிலேற்றிப் பட்டாளத்துக்கு அனுப்பியதில்லை என்பதும் அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. சரியாகச் சொல்வது தனக்கு எப்போதும் சுலபமாகவே இருந்திருக்கிறது.

"ஒரு தடவை சொல்லிக்காட்டறேன்," என்றாள் மெதுவாக. "இங்கயே. கதவைச் சாத்திக்குவோம். நீ திருப்பிச் சொல்ல வேண்டாம், கேட்டு வச்சுக்கோ. அப்புறம் உன் இஷ்டம். ஆனா கேக்காம போனேன்னு இருக்க வேண்டாம்."

"கேட்டுட்டா அப்புறம் கேக்காத மாதிரி இருக்க முடியாதே, அக்கா."

"முடியாது."

"அப்போ சும்மா இருங்களேன்."

"வெறும் கையோட என்னால போக முடியாது, சிவ்யோ."

சிவ்யோ எழுந்து போய்க் கூஜாவிலிருந்து ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். தேநீர் ஆறியிருந்தது. சுலாய் குடித்தாள். குடித்த கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, தலைத்துணியைச் சரி செய்துகொண்டு, கதவைச் சாத்தாமல், எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே விளக்கு ஜெபத்தைச் சொன்னாள். அந்த இடம் வந்தபோது உண்மையான சொல்லைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். சுத்தியல் சத்தம் நடுவில் விழுந்தது. சிவ்யோ கேட்டாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆமெனும் சொல்லவில்லை.

முற்றத்திலிருந்து அம்னுன் கூப்பிட்டான். "அம்மா! பெட்டி தயார், மெத்தையைக் கொண்டா!"

"வர்றேன்டா!" என்றாள் சிவ்யோ. குனிந்து மெத்தைகளை அடுக்கோடு தூக்கினாள். அடுக்கு தாடைவரை வந்தது.

"சிவ்யோ," என்றாள் சுலாய். "வர்ற வெள்ளிக்கிழமை, புலோர் பக்கத்துல நிக்கும்போது, என்ன சொல்லுவே?"

சிவ்யோ ஒரு கணம் நின்றாள். மெத்தைகளுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. பிறகு காலால் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, சுமையோடு பக்கவாட்டில் திரும்பி, முற்றத்துக்குப் போனாள்.